மூன்று ஏஸ் இருந்தும் டபுள் சொல்லியிருக்கக் கூடாது

பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடத் தொடங்கிய புதிதில், எதிராளி கேமுக்கு, அதாவது பெரிய போனஸ் தரும் ஏலத்துக்குப் போனாலே என் கை டபுள் அட்டையைத் தேடும். டபுள் என்றால், உங்களால் முடியாது என்று சொல்லிப் பந்தயத்தை ஏற்றுவது. அது நின்றது ஒரே ஆட்டத்தில்.

டீம் போட்டி, அதே சீட்டுகளை இரண்டு மேஜைகளில் ஆடி வித்தியாசத்தைக் கணக்கிடுவார்கள். இடப்பக்கத்துக்காரர் ஏலத்தை ஒரு ஸ்பேட் என்று தொடங்கினார், அவர் கூட்டாளி மூன்று, அவர் மறுபடி நாலு, அதாவது ஸ்பேட் துருப்பாகப் பதின்மூன்று ட்ரிக்கில் (சுற்றில்) பத்தை எடுப்பதாக. என்னிடம் துருப்புக்கு வெளியே மூன்று ஏஸ், துருப்பில் குயினும் இரண்டு பொடிச் சீட்டும். மூன்றும் ஒன்றும் நாலு, கதை முடிந்தது என்று டபுள் சொன்னேன்.

துருப்பில் அவர்களுக்கு ஒன்பது சீட்டு. டம்மியில், அதாவது மேஜையில் திறந்து வைத்த கூட்டாளி கையில் கிங், ஏலம் எடுத்தவர் கையில் ஏஸ், ஜாக், பத்து. ஒன்பது இருந்தால் ஏஸையும் கிங்கையும் அடித்து குயின் விழுகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். அப்படி ஆடியிருந்தால் என் குயின் தப்பித்திருக்கும். அவர் டம்மியின் கிங்கை ஆடினார். அடுத்து அங்கிருந்தே ஒரு பொடி. நானும் பொடி போட்டேன். என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு ஜாக்கை வைத்தார். என் குயின் மாட்டியது, அவர் ஆடி முடித்தார்.

யாரும் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லை, ஆகவே அவர்களுக்கு 590. இன்னொரு மேஜையில் எங்கள் ஆட்கள் அதே காண்ட்ராக்டில் (ஏலத்தில் முடிவான இலக்கில்), டபுள் இல்லாமல், ஒன்று குறைந்து 50 கொடுத்திருந்தார்கள். மொத்தம் 640, அதாவது 12 ஐஎம்பி (டீம் ஆட்டப் புள்ளி) போச்சு. என் டபுள் பலித்திருந்தால் லாபம் வெறும் 2.

"மூணு ஏஸ் எங்கேயும் ஓடிப்போகாது தம்பி. குயினைக் காட்டிக்கொடுத்தது யாரு?" என்றார் பார்ட்னர்.

இப்போதெல்லாம் ஒரு ட்ரிக்தான் குறையும் என்று தோன்றினால், டீம் ஆட்டத்தில் பேசாமல் பாஸ். துருப்பில் குயின், ஜாக், பத்து, ஒன்பது என்று வரிசையாக இருந்தால் சரி, தெரிந்தாலும் எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது. ஏலத்தையும் கவனிப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தயங்கித் தயங்கி நாலுக்கு வந்தவர்களிடம் மிச்சம் எதுவும் இருக்காது. ஒரே தாவலில் வந்தவர்களிடம் ஒரு சூட்டே இல்லாமல் இருக்கலாம், அங்கே ஏஸை நம்ப முடியாது.

இரண்டு ஹார்ட்டை டபுள் செய்யும் முன் இன்னும் யோசிக்க வேண்டும். சாதாரணமாக 110தான், டபுளில் ஆடிவிட்டால் கேம் ஆகி 470.

பல ஜோடிகளின் புள்ளியோடு ஒப்பிடும் பேர்ஸ் ஆட்டம் வேறு. எதிராளி வல்னரபிள் என்றால் டபுளில் ஒன்று குறைந்தாலே 200, நாம் ஆடிப் பெறும் 110, 140ஐ விட மேல். அங்கே நான் இன்னும் கொஞ்சம் துணிவேன்.