கேட்டு வந்தது எது, கூட வந்தது எது: டெபியனில் மூன்று வாரம்

என் பழைய மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கில் ஒரு பகுதி) 30 ஜிபிதான் கொடுத்திருந்தேன், போன மாதம் அதில் 2 ஜிபிகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் இரண்டு வருஷமாகப் புழங்கும் கணினியில் என்னென்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று டெர்மினலில் உட்கார்ந்து ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை, அதனால் அந்த வழியிலேயே போனேன்.

இடப் பிரச்சினை பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டரில் மட்டும் 4 ஜிபிக்கு மேல் டெப் கோப்புகள் (மென்பொருள்களின் நிறுவல் கோப்புகள்) கிடந்தன. மென்பொருள் நிறுவ நான் எப்போதும் ஆப்ட்-கெட் என்றே அடித்துப் பழகியவன், அது இறக்கிய கோப்பை நிறுவி முடித்த பிறகும் வைத்துக்கொள்ளும். 2014-இல் 1.0 பதிப்பாக வந்த ஆப்ட் கட்டளை, இப்போதைய பதிப்புகளில், வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுகிறது. சுடோ ஆப்ட் கிளீன் என்று ஒரு வரி அடித்தேன் (சுடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு), அவ்வளவுதான்.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் என்று அடித்தால் 212 பெயர்கள் வந்தன. நிறுவியிருக்கும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் (மென்பொருள் மூட்டைக்கும்) ஆப்ட் ஒரு குறி வைத்திருக்கிறது: நாம் பெயர் சொல்லிக் கேட்டது மேனுவல், அதற்குத் துணையாக வந்தது ஆட்டோ. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர்கள், அவர்களோடு கூட வந்தவர்கள் மாதிரி. பத்திரிகை வைத்தவர் கிளம்பிவிட்டால், கூட வந்தவர் வேறு யாருக்கும் தேவைப்படாதபோது, அவரையும் அனுப்பிவிடலாமா என்று ஆட்டோரிமூவ் கேட்கும். இந்தக் குறி சரியாக இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். என் 212-இல் பாதியை நான் கேட்டதாக நினைவே இல்லை. சில, டெபியனை நிறுவும்போதே மேனுவல் என்று குறிக்கப்பட்டவை. பல, எங்கோ பார்த்த நீளமான இன்ஸ்டால் வரியை அப்படியே ஒட்டியதால் சேர்ந்த லைப்ரரிகள் (மற்ற மென்பொருள்களுக்குத் துணையான நிரல்கள், பெயர் லிப் என்று ஆரம்பிக்கும்).

ராத்திரிக்கு இருபது பெயர் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஆப்ட் ஷோ அடித்தால் அது என்ன என்று தெரிந்துவிடும். ஏன் இருக்கிறது என்பதற்கு ஆப்டிட்யூட் என்ற இன்னொரு கருவியின் ஒய் (why) கட்டளைதான் (ஆப்டிட்யூட் என்னிடம் இல்லை, தனியாக நிறுவினேன்). இந்த ஒரு கட்டளைக்காகவே அது வேண்டும் என்பேன். உதாரணத்துக்கு மோடம்மேனேஜர். சிம் போடும் டாங்கிள் எதுவும் என்னிடம் கிடையாது, ஆனாலும் கணினி எழும்போதெல்லாம் இதுவும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆப்டிட்யூட் ஒரே வரியில் சொன்னது: வைஃபையைக் கவனிக்கும் நெட்வொர்க்-மேனேஜர் இதை ரெக்கமெண்ட் செய்கிறது. டிபெண்ட்ஸ் என்றால் அது இல்லாமல் வேலை நடக்காது, ரெக்கமெண்ட்ஸ் என்றால் இருந்தால் நல்லது, ஆனால் ஆப்ட் வழக்கமாக இரண்டையும் சேர்த்தே இறக்கிவிடும். மோடம்மேனேஜரை எடுத்தேன், வைஃபை வழக்கம்போல் ஓடுகிறது. இந்த வித்தியாசத்தைப் பல தடவை படித்திருக்கிறேன், எடுத்துப் பார்த்த அன்றுதான் மனதில் உட்கார்ந்தது.

இரண்டாம் வாரம் அவசரப்பட்டேன். எனக்குப் பழக்கமில்லாத பெயராகத் தெரிந்த தொண்ணூறையும் ஒரே வரியில் ஆப்ட்-மார்க் ஆட்டோ என்று மாற்றிவிட்டு ஆட்டோரிமூவ் கொடுத்தேன். நாற்பது பெயருக்கு மேல் திரையில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன, முதல் இரண்டு வரியில் எல்லாம் லிப் லிப் என்று இருந்ததால் சரி என்று ஒய் (Y) அழுத்தினேன். மறுநாள் காலையில் பிரவுசரைத் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, வரிக்கு வரி கட்டம் கட்டமாக நிற்கிறது. /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பைத் திறந்தேன். எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளை, எந்த யூசர் கேட்டது, எவையெல்லாம் போயின என்று ஒன்றுவிடாமல் இருந்தது, ரிமூவ் வரியின் நடுவில் ஃபான்ட்ஸ்-லோஹித்-டாமல் என்ற தமிழ் எழுத்துரு. கொஞ்சம் தள்ளி ஐபஸ்-எம்17என், நான் தமிழ்99-இல் தட்டச்சு செய்வதே அதை வைத்துத்தான். வேறு தமிழ் எழுத்துரு இந்தக் கணினியில் கிடையாது.

ஆப்ட் மேல் தப்பில்லை. எந்தப் பேக்கேஜும் அந்த எழுத்துருவைச் சார்ந்து இல்லை, அது தேவைப்படுவது எனக்கு மட்டும்தான். எனக்குத் தேவை என்று சொல்லும் ஒரே இடம் அந்த மேனுவல் குறி, அதை நானே எடுத்துவிட்டேன். இரண்டையும் ஆப்ட் இன்ஸ்டால் என்று பெயர் சொல்லித் திரும்பக் கொண்டுவந்தேன், மேனுவல் குறி தானாகவே வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆட்டோரிமூவுக்கு முன்னால் ஹைஃபன் எஸ் போட்டு ஒரு ஒத்திகை கட்டாயம். சுடோகூட வேண்டாம், எதையும் தொடாது, போகப்போகும் ஒவ்வொன்றையும் ரெம்வி என்று ஆரம்பிக்கும் தனித்தனி வரியாகக் காட்டும். ஒரு வரிக்கு ஒரு பெயர் என்று பார்க்கும்போது கண் தாண்டிப் போவதில்லை. ஒரு தடவைக்கு ஐந்து பெயருக்கு மேல் குறி மாற்றுவதும் இல்லை. வைத்துக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் எதற்கு என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் நாலு வார்த்தை எழுதி வைக்கிறேன்.

பேக்கேஜ்களின் நிலையைக் காட்டும் டிபிகேஜி ஹைஃபன் எல் பட்டியலில் ஆர்சி என்று ஆரம்பிக்கும் வரிகளும் நூறுக்கு மேல் இருந்தன. பேக்கேஜ் போய்விட்டது, அதன் கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பு மட்டும் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதில் நானே கைவைத்துத் திருத்திய கோப்புகள் இரண்டு இருந்தன, அவற்றை நகல் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பர்ஜ் செய்தேன், அதாவது அடியோடு அழித்தேன்.

இன்றைக்கு ஷோமேனுவல் 83-இல் நிற்கிறது. அதில் ஒன்பது மட்டும் ஏன் என்று இன்னும் எழுதவில்லை, எல்லாமே ஆடியோ சம்பந்தப்பட்டவை. அந்த ஒன்பதையும் முடித்துவிட்டு, இந்தக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டெபியன் 13-க்கு மாறப்போகிறேன்.