அட்டையோடு போன தேதி

லண்டனில் ஒரு நூலகத்தின் பருவ இதழ்ப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். பைண்டிங்குக்கு நான் அனுப்பிய நூற்றுக்கணக்கான இதழ்களில் இன்னும் மனத்தை உறுத்துவது ‘ஃபிளையிங் சாசர் ரிவியூ’ என்ற பறக்கும் தட்டுப் பத்திரிகைதான்.

1955இல் லண்டனில் தொடங்கப்பட்ட இதழ் அது. முதல் ஆசிரியர் டெரெக் டெம்ப்ஸ்டர், விமானப் படையில் விமானியாக இருந்தவர். அடுத்து வந்த பிரின்ஸ்லி லே போயர் ட்ரெஞ்ச், பின்னாளில் கிளான்கார்ட்டி பிரபுவாகி, 1979 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையிலேயே பறக்கும் தட்டு விஷயத்தை விவாதத்துக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் ஆசிரியர் வேவனி கிர்வன் 1964இல் இறந்தபின் சார்லஸ் போவன் பொறுப்பேற்று 1982 வரை நடத்தினார்.

என்னைக் கேட்டால், போவன் காலத்து இதழ்கள்தாம் பொக்கிஷம். பிரான்ஸில் 1954 இலையுதிர் காலத்தில் எங்கு பார்த்தாலும் வானில் விசித்திரம் கண்டதாகப் பேச்சு. ஒரே நாளில் பார்க்கப்பட்ட இடங்களை வரைபடத்தில் குறித்தால் அவை நேர்க்கோட்டில் அமைகின்றன என்றார் பிரெஞ்சு எழுத்தாளர் ஏமே மிஷேல். அதைக் கணினியில் சோதித்துப் பார்த்த வானியலாளர் ஜாக் வாலே, தற்செயலாகப் புள்ளிகளை இறைத்தாலும் இத்தகைய கோடுகள் கிடைக்கும் என்று காட்டினார். இருவருமே இந்த இதழில் எழுதியவர்கள். தட்டுகளை நம்புகிறவர்கள் சந்தா கட்டிப் படித்த பத்திரிகை, நம்பிக்கையை உரசிப் பார்த்தவருக்கும் இடம் கொடுத்தது. அந்த நேர்மைக்காகவே அதன் மேல் எனக்கு மரியாதை.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும்: கார்டன் கிரெய்ட்டன். பிரிட்டிஷ் வெளியுறவுப் பணியில் இருந்தவர், பல மொழிகள் அறிந்தவர். பிரேசில் நாட்டு விவசாயி அன்டோனியோ வில்லாஸ் போவாஸ், 1957 அக்டோபரில் தன்னை ஒரு விண்கலத்துக்குள் இழுத்துச் சென்றார்கள் என்று சொன்ன கதையை, 1965 தொடக்கத்தில் ஆங்கில வாசகருக்கு இந்த இதழ் வழியாக விரிவாகக் கொண்டுவந்தவர் அவர். 1982இல் அவரே ஆசிரியரானார். வானில் தெரிபவை ஜின்கள் என்ற முடிவுக்கு வந்து, இதழையும் அந்தப் பக்கம் திருப்பினார். அதை நான் ஏற்கவில்லை. ஆனால் 2003இல் இறக்கும்வரை அந்த மனிதர் இதழைக் கைவிடவில்லை என்பதை மறக்கவும் முடியவில்லை.

என் தவறு இனிமேல்தான். அக்காலத்தில் பைண்டிங்குக்கு அனுப்புமுன் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் எடுத்துவிடுவோம். தொகுதி தடிக்கக் கூடாது, செலவும் குறையும். துருவேறிய கம்பிகளை மெல்லிய கத்தியால் நெம்பி நிமிர்த்துவேன். அட்டை தனியே வந்துவிடும். ஒவ்வோர் அட்டையிலும் வரவுப் பதிவுக்காக அடித்த ஊதா நிற முத்திரை, நாள், மாதம், ஆண்டுடன் இருக்கும். ஒரே பிற்பகலில் இருபது, முப்பது அட்டைகளைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர் வந்தார். 1965ஆம் ஆண்டுத் தொகுதியைப் புரட்டிவிட்டு, “இந்த இதழ் உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது?” என்று கேட்டார். அச்சிட்ட மாதத்தைக் காட்டினேன். அவர் தலையசைத்தார். அது போதாதாம். விண்கலத்துக்குள் கொண்டுபோனார்கள் என்று ஒருவர் பிப்ரவரியில் சொன்னால், அவர் பிரேசில் கதையைப் படித்துவிட்டுச் சொன்னாரா, படிக்காமலே சொன்னாரா என்பதுதான் முதல் கேள்வி. இதழ் ஊருக்குள் வந்த நாள் தெரியாமல் அதற்குப் பதில் தேட முடியாது. சாட்சியத்தின் எடையே அந்த ஒரு தேதியில் இருக்கிறது.

இதழ்கள் வந்த தேதியைக் குறித்துவைத்த பழைய வரவுப் பதிவுச் சீட்டுகளைத் தேடினேன். கணினிக்கு மாறியபோது அவற்றையும் கழித்துவிட்டிருந்தார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை வரை நான் யாரோடும் பேசவில்லை.

அடுத்த வாரமே மேலதிகாரிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அட்டை, விளம்பரம், சந்தாச் சீட்டு எதையும் இனி நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தேன். செலவு கூடும் என்று முதலில் மறுத்தார்கள். மூன்றாம் கடிதத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் வந்த தொகுதிகள் தடிமனாக, அலமாரியில் சற்றே வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. 1965ஆம் ஆண்டுத் தொகுதி மட்டும் மெலிந்தே இருக்கிறது.