கையெழுத்துப் போடாவிட்டால்

இன்று காலை குழந்தைகள் வார்டு வாசலில் ஒரு அப்பா. கையில் ஆபரேஷன் ஒப்புதல் படிவம். பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வைத்த இடத்தில் மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே இருந்தது. கடைசியில் போட்டுவிட்டார்.

போடாமல் போயிருந்தால்?

2022இல் நியூசிலாந்தில் அப்படித்தான் ஆனது. இதய வால்வு சுருங்கிய கைக்குழந்தை. பெற்றோர் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தை ஏற்றக் கூடாது என்றார்கள். அந்நாட்டு ரத்த சேவையோ ரத்தத்தை அப்படிப் பிரித்து வைப்பதே இல்லை. விஷயம் ஆக்லாந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

டிசம்பர் 7 அன்று குழந்தையைத் தன் பாதுகாப்பில் எடுத்தது நீதிமன்றம்.

எப்படி எடுத்தது என்பதுதான் என்னை நெகிழவைத்தது. ஆபரேஷனுக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் மட்டும் மருத்துவர்களுக்கு அதிகாரம். அதுவும் குழந்தை தேறும் வரை, அதிகபட்சம் ஜனவரி 31 வரை. மற்ற எல்லாவற்றுக்கும் அப்பா அம்மாதான். பிள்ளையை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

அந்தப் பெற்றோருக்குப் பாசம் இல்லை என்று நான் நம்பமாட்டேன். பயந்துபோனவர்கள். அந்தப் பயத்தை ஊதி ஊதிப் பெரிதாக்கியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அவர்களில் ஒருவரும் அந்த இதயத் துடிப்புக்குப் பொறுப்பேற்றிருக்க மாட்டார்கள்.

தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது.