அண்ணாந்து குடிப்பதை விட்ட பிறகு

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு மண்டல நோய் இருப்பது உறுதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கால் மரத்துப்போவதையும், மாலையானால் உடல் துவண்டுவிடுவதையும் நோயின் கணக்கில் எழுதிப் பழகியிருந்த எங்கள் வீட்டில், சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவதை மட்டும் யாரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. யாரோ நினைக்கிறார்கள் என்று மாமியார் உச்சந்தலையில் தட்டுவார். கோத்தகிரிக் குளிரில் இருமல் யாருக்கும் புதிதல்ல.

முதலில் பார்த்த மருத்துவர், வயிற்று அமிலம் மேலேறுவதாகச் சொல்லி மாத்திரை எழுதினார். அதனால் ஒரு மாற்றமும் இல்லை. சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரப்பதையும், நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து போவதையும் கேட்ட நரம்பியல் மருத்துவர்தான், மூளைத்தண்டில் நரம்புகளின் மயலின் உறை சிதைந்திருந்தால் விழுங்கும் தசைகள் உரிய நொடியில் இயங்காமல் போகலாம் என்று விளக்கி, ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பினார். பேச்சுப் பயிற்சி அளிப்பவர்தான் விழுங்குதலையும் பார்ப்பார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பரிசோதனைக்குக் கோவைக்கு இறங்க வேண்டியிருந்தது. உடல் சூடேறினால் எம்.எஸ். உள்ளவர்களின் பழுதுபட்ட நரம்புகள் மேலும் தளரும் என்பதால், மேட்டுப்பாளையம் தாண்டியதுமே நாக்கு தடித்ததுபோல் ஆனது. இந்த நிலையில் சோதித்தால் முடிவு தவறாகுமே என்று கவலைப்பட்டேன். களைத்திருக்கும்போது எப்படி விழுங்குகிறேன் என்பதைப் பார்ப்பதும் நல்லதே என்றார் தெரபிஸ்ட்.

எக்ஸ்ரே கருவியின் முன் உட்காரவைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த தண்ணீர், கூழ், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். கூழ் மெதுவாக, ஆனால் சரியான வழியில் இறங்கியது. தண்ணீரோ தொண்டை மூடிக்கொள்வதற்கு முன்பே சரிந்துவிட, அதில் மெல்லிய இழையொன்று மூச்சுக்குழாய்ப் பக்கம் போனதைத் திரையில் நானே பார்த்தேன். அப்போது எனக்கு இருமலே வரவில்லை. இருமவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்த எங்களுக்கு, சத்தமில்லாமலும் நுரையீரலுக்குள் நீர் இறங்கும் என்பது பெரிய அதிர்ச்சி.

எச்சில் படாமல் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிப்பது சிறுவயதிலிருந்து ஊறிய பழக்கம். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாயின் வாசல் அகலும். நீரும் வேகமாக விழும். எனக்குச் சொன்னது நேர் எதிரான முறை: முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு சிறு மிடறு வாயில் வாங்கி, தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்க வேண்டும். இது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்குப் பொருந்துகிறதா என்பதைத் திரையில் சரிபார்த்த பிறகே சொல்லிக்கொடுத்தார்.

உணவில் என்னைத் திணறடித்தது ரசம் சாதம். பருக்கையை மெல்லும்போதே ரசம் தனியாகப் பிரிந்து தொண்டைக்குள் ஓடிவிடும். அதனால் சாதத்தைக் குழைய மசித்துக் கெட்டிப் பருப்போடு சாப்பிடுகிறேன். ராகிக் கூழ் பிரச்சினையே தருவதில்லை. எங்கள் மலையின் மொறுமொறு பேக்கரிப் பண்டமான வர்க்கியை டீயில் நனைத்தால், உதிரும் பொறுக்கும் ஓடும் நீரும் ஒன்றாகச் சேர்வதால், மலையில் பிறந்தவளுக்கு எவ்வளவு வருத்தமானாலும் அதை விட்டுவிட்டேன்.

டீயிலும் தண்ணீரிலும் கெட்டியாக்கும் பவுடரைக் கலக்கிறேன். சோளமாவு வகை எச்சில் பட்டதும் நீர்த்துப்போகும் என்பதால் சாந்தன் கம் வகையை வாங்குகிறோம். பதம் பார்க்க ஒரு முறை உண்டு: தெரபிஸ்ட் கொடுத்த 10 மில்லி சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட வேண்டும். 4 முதல் 8 மில்லி வரை உள்ளே மிஞ்சினால் எனக்குச் சொன்ன பதம். அடுக்களை மேடையில் டம்ளருக்குப் பக்கத்தில் சிரிஞ்ச் இருப்பதைப் பார்த்து விருந்தினர்கள் முகம் மாறுவதுண்டு. கெட்டித் தண்ணீர் தாகத்தைத் தீர்ப்பதே இல்லை என்பது என் கருத்து. அதனால் குடிப்பதே குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே சிறுநீர்த் தொல்லைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மாத்திரைகளைக் கெட்டித் தயிரிலோ மசித்த வாழைப்பழத்திலோ வைத்து விழுங்குகிறேன். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. எதைப் பொடிக்கலாம் என்று மருந்தாளுநரைக் கேட்டு அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். கனமான சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிவிட்டேன். மாலையில் தசைகள் சோர்ந்துவிடும். சாப்பிடும்போது பேசுவதில்லை, முடித்த பின் அரைமணி நேரம் படுப்பதில்லை, இரவில் பல் துலக்காமல் தூங்குவதுமில்லை. வாயில் கிருமி குறைந்தால், தப்பித் தவறி உள்ளே இறங்கும் எச்சிலால் நிமோனியா வரும் வாய்ப்பும் குறையும்.

நோய் மறுபடி தீவிரமானால் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பதைப் பற்றியும் தெரபிஸ்ட் மறைக்காமல் பேசினார். இப்போது அது தேவையில்லை. எடை தொடர்ந்து குறைந்தாலோ, நெஞ்சுச் சளி அடிக்கடி வந்தாலோ தள்ளிப்போடாமல் அதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும் என்று கணவரும் நானும் இப்போதே முடிவு செய்திருக்கிறோம்.