ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களோடு

ஆசிரியர் பயிற்சிக்கு வரும் யாரும் வெறும் மனதோடு வருவதில்லை. பன்னிரண்டு வருடம் பள்ளியில் உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆங்கில வகுப்பு எப்படி நடக்கும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார், வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். பிறகு கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார், மறுநாள் அதை ஒப்பிக்க வேண்டும். டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-லேயே இதைப் பற்றி எழுதினார்: ஆசிரியத் தொழிலுக்கு வருபவர் பயிற்சி தொடங்கும் முன்பே, மாணவராக இருந்து பார்த்த பல்லாயிரம் மணி நேரத்தில் பாதித் தொழிலைப் பழகிவிடுகிறார். அப்படிப் பழகியதை இரண்டு வருடப் பட்டயப் படிப்பால் அசைப்பது லேசான காரியமில்லை.

மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்றில், நாங்கள் சுருக்கமாக 'டயட்' என்று சொல்லும் இடத்தில், பல வருடங்களாக ஆங்கிலம் கற்பித்தல் தாளை நடத்தி வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள், தமிழ்வழியில் படித்தவர்கள். பாடத்தில் இலக்கண மொழிபெயர்ப்பு முறை, நேரடி முறை, இருமொழி முறை, அமைப்பு முறை, தகவல்தொடர்பு முறை என்று வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விளக்கம், நிறைகள், குறைகள் என்று தேர்வில் அழகாக எழுதிவிடுவார்கள். இலக்கண மொழிபெயர்ப்பு முறையின் குறைகளை எட்டுப் புள்ளிகளாக எழுதிய அதே மாணவி, மறுவாரம் நான்காம் வகுப்பில் நின்று வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? பதற்றத்தில் நிற்கும்போது கை போவது பழகிய இடத்துக்குத்தான். ஒரு கற்பித்தல் முறையைத் தானே மாணவராக உட்கார்ந்து அனுபவித்திராத ஒருவர் அதை வகுப்புக்குக் கொண்டுபோக மாட்டார். பயிற்சிக் கல்லூரியின் முதல் வேலை அந்த அனுபவத்தைக் கொடுப்பது என்றே நான் நினைக்கிறேன்.

அதனால் முறைகளைப் பற்றிய பாடத்தைத் தெலுங்கில் தொடங்குகிறோம். திருத்தணிப் பக்கத்தைச் சேர்ந்த சக ஆசிரியை ஒருவருக்கு வீட்டு மொழி தெலுங்கு. அவர் உள்ளே வந்து, ஒரு வார்த்தைகூடத் தமிழ் பேசாமல், "லேச்சி நிலபடு" என்பார், தானே எழுந்து நிற்பார். "கூர்ச்சோ" என்பார், உட்காருவார். கதவைத் தொட்டு "தலுபு", ஜன்னலைக் காட்டி "கிடிகீ". கொஞ்ச நேரத்தில் செய்து காட்டுவதை நிறுத்திவிட்டு வாயால் மட்டும் சொல்வார். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் அமைதியாகிவிடுவார்கள். எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்பவள் தலையைக் குனிந்துகொள்வாள். சிலர் பக்கத்தில் இருப்பவள் எழுவதைப் பார்த்து அரை நொடி கழித்து எழுவார்கள். (தெலுங்கு தெரிந்தவர்கள் இருந்தால் முதலிலேயே கேட்டுக்கொண்டு, பின்னால் உட்காரவைத்து, மற்றவர்களின் முகங்களைக் கவனித்து எழுதச் சொல்வோம்.)

முடிந்ததும் நான் கேட்பது இரண்டே கேள்விகள். உங்களுக்கு எது உதவியது? எது பயமாக இருந்தது?

"கையைக் காட்டினாங்க சார், அதனால புரிஞ்சுது."

"அதே வார்த்தை நாலாவது தடவை வந்தப்போதான் பிடிபட்டுச்சு."

"எல்லாரும் சேர்ந்து செஞ்சதால தப்பிச்சேன் சார். என்னைத் தனியா எழுப்பிச் சொல்லச் சொல்லியிருந்தா அழுதிருப்பேன்."

இந்த மூன்று பதில்களில் ஒரு பருவத்துப் பாடம் இருக்கிறது. பேசுவதற்கு முன் கேட்க நேரம் வேண்டும், புது வார்த்தை பலமுறை காதில் விழ வேண்டும், தனியாக மாட்டிக்கொள்ளும் பயம் வாயை அடைத்துவிடும். ஜேம்ஸ் ஆஷர் கட்டளையையும் உடலசைவையும் இணைத்து உருவாக்கிய முறையின் பெயரை அதற்குப் பிறகுதான் சொல்வேன். அப்போது அது மனப்பாடம் செய்ய வேண்டிய பெயராக இருக்காது, தங்களுக்கு நடந்த ஒன்றின் பெயராக இருக்கும்.

மறுநாள் அதே ஆசிரியை இன்னொரு பாடம் எடுப்பார். இந்தத் தடவை தெலுங்கு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போட்டு, தமிழிலேயே இலக்கணம் விளக்குவார். எல்லோரும் நிம்மதியாகக் குறிப்பெடுப்பார்கள், புரிந்தது என்பார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் 'கூர்ச்சோ' நினைவிருக்கும், குறிப்பேட்டில் இருப்பது நினைவிருக்காது. ஆனாலும் அந்த வகுப்பில் பயம் குறைவாக இருந்தது என்று அவர்கள் சொல்வதையும் நான் தள்ளிவிடுவதில்லை. தமிழில் ஒரு சொல் கேட்டவுடன் வரும் தெளிவு உண்மையானது. ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று சட்டம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் அந்தச் சட்டம் ஆசிரியரைப் பொய் சொல்ல வைக்கும், குழந்தையை ஊமையாக்கும். சி. ஜே. டாட்சன் 1967-ல் முன்வைத்த இருமொழி முறையில் ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது: வாக்கியத்தின் பொருளை ஆசிரியர் தாய்மொழியில் ஒரு தடவை சொல்லிவிடுகிறார், பிறகு பயிற்சியில் குழந்தைகள் பேசுவது ஆங்கிலத்தில். தமிழ் எங்கே வரும், எதற்காக வரும், எங்கே நிற்கும் என்பதைப் பாடக்குறிப்பிலேயே எழுதச் சொல்கிறேன். திட்டமிட்டு வரும் தமிழ் உதவுகிறது. தடுமாறும்போது வரும் தமிழ் வகுப்பு முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் தமிழ் இன்னொரு பெரிய துணை. அதைப் பலர் கவனிப்பதில்லை. 'சி ஏ டி கேட்' என்று எழுத்துப் பெயர்களைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சி, ஏ, டி என்ற பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'கேட்' வராது. குழந்தை அந்தச் சொல்லை மனப்பாடம்தான் செய்கிறது, அடுத்த சொல்லைத் தானாக வாசிக்க முடிவதில்லை. ஆனால் நம் குழந்தைக்குப் புள்ளி வைத்த எழுத்து தெரியும். ப் என்பது வெறும் ஒலி, எ சேர்ந்தால் பெ, ட் சேர்ந்தால் பெட். மெய்யும் உயிரும் கூடுவதை முதல் வகுப்பிலேயே பழகிய குழந்தைக்கு, ஆங்கில எழுத்தை ஒலியாக அறிமுகப்படுத்தினால் கூட்டி வாசிப்பது புது வித்தை இல்லை. இதை வகுப்பில் செய்து பார்க்கும்போது என் மாணவிகளின் முகத்தில் வரும் வெளிச்சம் எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைத்து வந்தவர்களுக்கு அது கையிலிருக்கும் மூலதனம் என்று அன்று தெரிகிறது. சிக்கல்களும் உண்டு. தமிழில் ஒரே ப தான் இருப்பதால் 'பேட்' என்று எழுதினால் அது வௌவாலா, தட்டிக் கொடுப்பதா என்று தெரியாது. சொல்லின் முடிவில் உகரம் சேர்ந்து 'பஸ்ஸு', 'பெல்லு' என்றாகிவிடும். இவற்றுக்குத் தனியாகக் காதுப் பயிற்சி தேவை.

அடுத்தது அவர்களுடைய சொந்த ஆங்கிலம். இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பாடம் எடுக்கத் தெரியாததைவிட, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம்தான் பலரை விரட்டுகிறது. வகுப்பு நடத்த ஆங்கில இலக்கியம் தேவையில்லை. உட்காரச் சொல்ல, ஜோடி சேரச் சொல்ல, பாராட்ட, இன்னொரு தடவை கேட்கச் சொல்ல ஓர் ஐம்பது வாக்கியங்கள் தயக்கமில்லாமல் வந்தால் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலான வேலை நடந்துவிடும். அவற்றைத் தினமும் சொல்லி, செல்போனில் பதிவு செய்து, தாங்களே கேட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். முதலில் நான் பார்ப்பது இலக்கணத்தை அல்ல, குரலை. கடைசி பெஞ்சுக்குக் கேட்காத சரியான வாக்கியத்தால் குழந்தைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

ஒரு திறனை மட்டும் எடுத்துச் சில நிமிடம் கற்பித்துப் பழகும் நுண்நிலைக் கற்பித்தலில் எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. 1963-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, இந்தியாவில் முப்பத்தாறு நிமிடச் சுற்றாகப் பழக்கத்துக்கு வந்தது. கற்பிக்க ஆறு, கருத்துச் சொல்ல ஆறு, திருத்தி எழுத பன்னிரண்டு, மறுபடி கற்பிக்க ஆறு, மறுபடி கருத்துக்கு ஆறு. வகுப்புத் தோழிகளே குழந்தைகளாக நடிப்பதால் எல்லாப் பதிலும் உடனே வந்துவிடும். அதனால் குழந்தையின் குழப்பத்தை அங்கே பழக முடியாது. இரண்டு திறன்களுக்கு மட்டும் அதை முழு மனதோடு பயன்படுத்துகிறேன்: கேள்வி கேட்பது, செயல்பாட்டை விளக்குவது. விளக்கத்துக்கு மூன்று வாக்கியம், ஓர் எடுத்துக்காட்டு, அவ்வளவுதான். ஒரு விளையாட்டை நான்கு நிமிடம் விளக்கினால் அந்த விளையாட்டு அங்கேயே செத்துவிடுகிறது.

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார்: "இத்தனை முறையில எது சார் நல்ல முறை?" அப்போது என். எஸ். பிரபுவைப் பற்றிச் சொல்வேன். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய ஊர்களில் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். வாக்கிய அமைப்புகளைப் பயிற்சியாகத் திருப்பித் திருப்பிச் சொல்லவைப்பதற்குப் பதிலாக, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் குழந்தைகள் யோசித்துத் தீர்க்க வேண்டிய வேலைகளைக் கொடுத்தார். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து அதே மாதிரி ஒன்றைச் செய்வார், பிறகு குழந்தை தனியாக ஒன்றைச் செய்யும். கவனம் விடையில் இருக்க, மொழி தானாக உள்ளே வரும் என்பது அவர் நம்பிக்கை. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் பணிவழி மொழிக் கற்பித்தலின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று. நம் பக்கத்துப் பள்ளிகளில் நடந்தது என்று சொன்னால் மாணவிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எது சிறந்த முறை என்ற கேள்விக்கு 1990-ல் அவர் எழுதிய கட்டுரையில், அப்படி ஒரு முறை இல்லை, தான் செய்வது ஏன் பலன் தருகிறது என்று ஆசிரியருக்கு உள்ளூர ஒரு தெளிவு இருக்கிறதா என்பதே முக்கியம் என்று வாதிட்டார். நான் இதை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் மாணவிகள் ரயிலுக்குப் பதிலாக எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் நேரப்பட்டியலை எழுதிவந்து, ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடம் செய்தார்கள். பாட்டி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச்சேர எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்? அந்த வகுப்பில் சத்தம் அதிகமாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து ஆசிரியர் வந்து எட்டிப்பார்த்தார். விடையைப் பற்றிய சண்டை பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில் நடந்தது.

கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போகும்போது நான் மதிப்பெண் தாளோடு இன்னொரு தாளும் எடுத்துப் போகிறேன். அதில் வகுப்பு உட்கார்ந்திருக்கும் படத்தை வரைந்துகொண்டு, எந்தக் குழந்தை ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னாலும் அதன் இடத்தில் ஒரு கோடு போடுகிறேன். பாடம் முடிந்ததும் அந்தத் தாளை மாணவியிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேன். முன்வரிசை முழுக்கக் கோடுகள், பின்னால் ஒன்றுகூட இருக்காது. "சார், இந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லையா?" என்று அவளே கேட்பாள். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியது குறைவு. கூடவே ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். முப்பது குழந்தைகள், நாற்பது நிமிடம். பாதி நேரம் ஆசிரியர் பேசி, மீதியில் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டால் ஒரு குழந்தைக்கு நாற்பது விநாடி. பத்து நிமிடம் ஜோடியாகப் பேசவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். ஜோடிப் பயிற்சி எதற்கு என்று இதைவிடத் தெளிவாக நான் சொன்னதில்லை.

பள்ளியில் இருக்கும் ஆசிரியர்கள் சில சமயம் மாணவிகளிடம், "இதெல்லாம் பயிற்சியோட சரிம்மா, வேலைக்கு வந்தா பாடத்தை முடிக்கிறதுதான்" என்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளியில் பதிவேடுகளும் பாடமும் எவ்வளவு அழுத்தும் என்று எனக்குத் தெரியும். 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் செயல்பாடுமாக ஆங்கிலமும் சேர்ந்தே போவதால், எங்கள் மாணவிகள் செய்வது பள்ளிக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. அது நல்ல மாற்றம். மாறாதது செய்முறைத் தேர்வு. கமிஷன் எனப்படும் தேர்வாளர் குழு வரும் நாளில் மேசை முழுக்கப் பதிவேடுகளும் சார்ட்டுகளும் அடுக்கியிருக்கும். காசு கொடுத்து எழுதி வாங்கிய சார்ட்டும் அதில் இருக்கும். அந்தக் காசும் இரவு விழிப்பும் குழந்தைகளோடு இன்னும் ஒரு வாரம் இருப்பதற்குச் செலவாக வேண்டும் என்று கூட்டங்களில் தொடர்ந்து சொல்லிவருகிறேன்.

இந்த வருடம் எங்கள் எல்லைக்குள் செய்ய முடிந்த ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு மாணவியும் ஒரே பாடத்தை இரண்டு பள்ளிகளில் எடுக்க வேண்டும், இரண்டாவது தடவை என்ன மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்குக் கூடுதல் பள்ளிகள் தேவைப்பட்டன. சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது வேலை செய்யும் எங்கள் பழைய மாணவிகளைக் கேட்டோம். பலர் சரி என்றார்கள். ஒருத்தி மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்: வருகிறவர்கள் அவள் எடுக்கும் பாடத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், யார் பேசினார்கள் என்று கோடு போட்டு அந்தத் தாளை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.