எவர்சில்வர் தூக்கும் ஓலைக் கொட்டானும்

ஈப்போவில் பெட்டி கட்டும்போதே அம்மா கேட்டுவிட்டார், "அங்க போனா என் போனு வேலை செய்யுமாடா?" ஐந்து பேர், ஐந்து போன், ஏழு நாள் செட்டிநாடு. ஆளாளுக்கு ரோமிங் போட்டால் பர்ஸ் தாங்காது. இந்திய சிம் வாங்கலாம் என்றால், வெளிநாட்டவர் பாஸ்போர்ட், விசா, போட்டோ எல்லாம் கொடுத்துவிட்டு அது வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். அட்டையே இல்லாத இசிம்முக்கு அம்மாவின் போன் லாயக்கில்லாத பழசு. கடைசியில் ஒரு பாக்கெட் வைஃபையை வாடகைக்கு எடுத்தோம்.

உள்ளங்கை அகலப் பெட்டி. உள்ளே ஒரு சிம், ஒரு பேட்டரி. டவரிலிருந்து 4ஜியை வாங்கி வைஃபையாக நமக்குப் பிரித்துக் கொடுக்கும். மாப்பிள்ளை அதைப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துவிட்டார். லித்தியம் பேட்டரி உள்ள இந்த மாதிரிச் சாதனத்தைக் கைப்பையில் வைக்கச் சொல்கிறார்கள். விமான நிலையத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் பெட்டியைத் திறந்து வேட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம்.

திருச்சியில் இறங்கியதும் பெட்டியை ஆன் செய்தேன். புதுக்கோட்டை, திருமயம் தாண்டும்வரை வேனில் எல்லோரும் தலை குனிந்தே வந்தார்கள். திருமயம் கோட்டையை நான் மட்டும்தான் பார்த்தேன்.

வம்பு கானாடுகாத்தானில் தொடங்கியது. நாங்கள் தங்கியது நூறு வயது தாண்டிய வீடு. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சுவர், பர்மா தேக்குக் கதவு, அறைகளுக்கு வெளிப்பக்கம் சின்ன ஜன்னல். வெயிலை உள்ளே விடாமல் இருக்கக் கட்டியவர்கள் டவர் சிக்னலை மட்டும் விடுவார்களா? அறைக்குள் பெட்டியை வைத்தால் 4ஜி ஒரு கோடுதான். முகப்பில் வைத்தால் அங்கே கோடுகள் நிறைய, ஆனால் வைஃபை இரண்டாவது சுவரைத் தாண்டி வராது. வைஃபை அலையை 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு மாற்றினேன். வேகம் குறைந்தாலும் சுவரை அதுதான் கொஞ்சமாவது தாண்டும். பிறகு வளவுத் தூணின் அடியில், வானம் தெரியும் இடத்தில் வைத்ததும் பெட்டிக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து குடும்பமே வளவைச் சுற்றி உட்கார்ந்தது. அந்த வளவு கட்டப்பட்டதே அதற்குத்தானே.

பதினோரு மணிக்கு வெயில் தூணடிக்கு வந்தது. பெட்டி தோசைக்கல் மாதிரி சுட்டது. சமையல் பார்க்கும் அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, இது வெடிச்சுக் கிடிச்சுப் போயிரும்" என்று எடுத்து ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி நிழலில் வைத்துவிட்டார். நல்ல மனசு. ஆனால் அடுத்த நொடி ஐந்து போனும் ஊமை. டவர் அலை உள்ளே போகவும் வழியில்லை, வைஃபை வெளியே வரவும் வழியில்லை. உலோகம் சுற்றி அடைத்தால் அப்படித்தான். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா உள்ளே போய் ஒரு ஓலைக் கொட்டானுடன் வந்தார். சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட பனையோலைப் பின்னல். பெட்டியின் மேல் கவிழ்த்தார். கோடு ஒன்றுகூடக் குறையவில்லை, சூடும் இறங்கியது. "ஓலைக்குள்ள காத்துப் போகும்ல, இது போகாதா?" என்றார். என் விளக்கத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

எட்டு மணி நேரம் தாங்கும் என்றுதான் பெட்டியைக் கொடுத்தார்கள். ஐந்து போனைக் கட்டிக்கொண்டு, பலவீனமான சிக்னலைத் தேடியும் அலைந்தால் மதியச் சாப்பாட்டோடு படுத்துவிடுகிறது. எங்கள் ஊர்ச் சார்ஜருக்குப் பட்டை முள், இங்கே துளைகள் உருண்டை. அடாப்டர் வாங்கக் காரைக்குடி போனபோது வழியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பலகை தெரிந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். உள்ளே லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. நான் வெளியே செத்த பேட்டரியோடு போய்க்கொண்டிருந்தேன்.

வாடகைக்கு எடுக்குமுன் எனக்கு யாரும் சொல்லாத ஒன்று: இந்தப் பெட்டி இணையம் தரும், நம் கைக்கு இந்திய எண் தராது. எதைத் திறந்தாலும் ஓடிபி, ஓடிபி. டீக்கடையில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது, நாங்கள் மட்டும் ரூபாய் நோட்டை எண்ணிக்கொண்டிருந்தோம். நாளுக்கு 1 ஜிபி என்ற கணக்கும் அப்படித்தான். தங்கை மகன் இரண்டு கார்ட்டூன் பார்த்தால் தீர்ந்தது, அப்புறம் வேகம் நத்தை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் நாங்கள் எனாமல் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். சரி, வாட்ஸாப்பில் கூப்பிடலாம் என்று போனை எடுத்தால் இணையம் இல்லை. பெட்டி அம்மாவின் பையில்! எங்கள் எல்லோரையும் அம்மா தன்னோடு தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. நாலு பேரும் கடை கடையாக எட்டிப் பார்த்து நடந்தோம். ஒரு சேலைக் கடை வாசலில் நாலு போனும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. உள்ளே போய்ப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அரக்கும் மஞ்சளுமாகக் கண்டாங்கிச் சேலைகள் மடி நிறைய, கையில் காபியுடன் அம்மா. "எங்கடா போனீங்க எல்லாரும்?" என்றார்.

ஈப்போ திரும்பி, பெட்டியைக் கொட்டானோடு வாடகைக் கடைக் கவுன்ட்டரில் வைத்தேன். அந்தப் பெண் ஒயர், பை, சார்ஜர் எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தக் கூடையும் இதோட சேர்ந்ததா?" என்று கேட்டார். அம்மா அதற்குள் அதைக் கையில் எடுத்துவிட்டார்.