சாவாவும் சர்தார் உதமும்

'சாவா' (2025) இந்திப் படம் எப்படி என்று பலர் கேட்கிறீர்கள். மராட்டிய மன்னர் சம்பாஜியாக விக்கி கௌஷல் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். அதில் மறுபேச்சே இல்லை. ஔரங்கசீப்பாக வரும் அக்‌ஷய் கன்னா குரலை உயர்த்தாமலே நடுங்க வைக்கிறார். ஆனால் படம் ஓயாமல் முழங்கிக்கொண்டே இருக்கிறது. சம்பாஜியின் மனைவியாக வரும் ராஷ்மிகாவின் யேசுபாய்க்கு எழுத்திலேயே இடம் குறைவு. ரஹ்மானின் இசை பல இடங்களில் அந்தக் காலத்தோடு ஒட்டவில்லை. (ரஹ்மான் பக்தன்தான் சொல்கிறேன்.)

இதே விக்கி கௌஷல் 2021இல் நடித்த 'சர்தார் உதம்' படத்தைத் தயவுசெய்து பாருங்கள். ஷூஜித் சர்க்கார் இயக்கியது. திரையரங்குக்கு வராமல் நேராக ஓடிடியில் வந்ததால் பலர் கண்ணில் படாமலே போய்விட்டது. 1919இல் பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ'டுவயரை 1940இல் லண்டன் காக்ஸ்டன் அரங்கில் உதம் சிங் சுட்டுக்கொன்ற வரலாறு. அந்தத் துப்பாக்கிச்சூட்டை முன்னதாகவே காட்டிவிட்டு, அதே 1919இல் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கடைசிவரை ஒளித்து வைத்திருக்கிறார் இயக்குநர். பிணங்களுக்கிடையே உயிருள்ளவர்களைத் தேடித் தேடி, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓடுகிறான் இளைஞன் உதம். பேச்சே அதிகம் இல்லை. போர்க்கள ஆரவாரம் எதுவும் தராத வலியை அந்தக் காட்சிகள் தந்தன. என்னால் நடுவில் நிறுத்தாமல் பார்க்க முடியவில்லை.

சரித்திரம் வேண்டாம், இன்றைய கதை போதும் என்பவர்களுக்கு: விது வினோத் சோப்ராவின் 'டுவெல்த் ஃபெயில்' (2023). விக்ராந்த் மாஸியின் கண்களுக்காகவே பார்க்கலாம். நீரஜ் கய்வானின் 'ஹோம்பவுண்ட்' பற்றித் தனியாக எழுதுகிறேன். அதை இரண்டு வரியில் முடிக்க எனக்கு மனமில்லை.